தொட்டுக் கண்ணில் ஒற்றிய கை

"ஆண்டவரே, என் வலது கையை அடக்கும், இல்லையென்றால் எடுத்தே விடும்." இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜூலை மாதத்தில், பிரேசில் தேசத்தில் ஒரு குளியலறைத் தரையில் உட்கார்ந்து இப்படி ஜெபித்தவள் நான். நம் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் என் அம்மா அழுது அழுது ஜெபித்தாரே, அது இதனால்தான். அப்போது காரணத்தை உங்களிடம் சொல்ல அவரை நான் விடவில்லை. வெட்கம். இன்று நானே எழுந்து நிற்கிறேன்.

என் பெயர் ஷீபா. அம்பத்தூர்க்காரி. கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது உங்களுக்கே தெரியும். கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டே ஆவடியில் ஒரு ஜிம் மாடியில் நான்கு வருஷம் ஜியு-ஜிட்சு கற்றேன். அடி, உதை எதுவும் கிடையாது. தரையில் மேட் விரித்துக் கட்டிப் புரளுவோம். எதிராளியின் கையையோ கழுத்தையோ பூட்டுப் போட்டுப் பிடிக்க வேண்டும். மாட்டிக்கொண்டவர் எதிராளியின் உடம்பில் இரண்டு தடவை தட்டினால் "விட்டுவிடு, நான் தோற்றேன்" என்று அர்த்தம். தட்டிய அந்த நொடியே விட்டுவிட வேண்டும். எவ்வளவு பெரிய வீரனும் அந்த மெல்லிய தட்டுக்குக் கீழ்ப்படிவான். அந்த மரியாதையைப் பார்த்துத்தான் எனக்கு இந்த விளையாட்டின்மேல் பைத்தியமே பிடித்தது.

சாவோ பாலோ நகரத்தில் பெரிய பயிற்சிக்கூடம் ஒன்று மூன்று மாதம் வந்து பழகச் சொல்லி என்னை அழைத்தது. என் எடைப் பிரிவில் எட்டுப் பெண்கள். ஆகஸ்ட் கடைசியில் தேர்வு. ஜெயிக்கிற ஒருத்திக்கு மட்டும் ஒரு வருஷம் அணியோடு இருக்க இடம். மற்றவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். நான் வேலையை விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

அந்தப் பெண்கள் உழைத்ததைச் சொல்லி மாளாது. காலை ஆறு மணிக்கு மேட்டில் நிற்பார்கள். ஒரே அசைவை நூறு தடவை செய்வார்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். மூக்கில் ரத்தம் வந்தால் துடைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்தே நான் பாதி தேறிவிட்டேன்.

ஆனால் என் கை என்னைக் காட்டிக் கொடுத்தது. நம் ஊரில் தெரியாமல் யார்மேலாவது கால் பட்டுவிட்டால் என்ன செய்வோம்? அவர்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். எனக்கு மூன்று வயதில் அம்மா பழக்கியது. நான் எப்போதும் இரண்டு தடவை தொடுவேன். மேட்டில் என் கால் எதிராளியின் முகத்தில் பட்டதும் கை தானாகப் போய் அவள் தோளை இரண்டு தடவை தொட்டுவிடும். அவள் உடனே விட்டுவிடுவாள். ஆட்டம் முடிந்தது, நான் தோற்றேன்! முதல் மாதத்திலேயே பதினோரு தடவை இப்படித் தோற்றேன். அதில் பாதி நான் ஜெயிக்கப் போன ஆட்டம்.

அங்கே பயிற்சி தருகிறவரைப் புரொஃபெசர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று முடிவு கட்டிவிட்டார். விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாதி பாஷை தெரியாது, மீதி வீம்பு. இதைச் சொன்னால் பட்டிக்காடு என்று சிரிப்பார்கள் என்று நினைத்தேன். விரல்களைச் சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து, பயிற்சியின் நடுவில் தலை சுற்றி விழுந்து, புரொஃபெசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அம்மாவுக்குப் போன் போட்டு, என் கைப்பழக்கத்தை எடுத்துவிடச் சொல்லி ஜெபிக்கச் சொன்னேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"அது கெட்ட பயக்கமா கண்ணு? நான்தானே உனக்கு சொல்லிக்குடுத்தேன். அத்த எடுத்துடுன்னு நான் எந்த வாயால கேக்கறது? உன்னிய புரிஞ்சிக்கினு பேச ஒரு ஆள அனுப்புப்பான்னு கேக்கறேன்."

எனக்கு வந்ததே கோபம். "உனுக்கு இன்னாமா தெரியும்? இங்க டெய்லி என் மானம் போய்க்கினு கீது" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். நான் ஒன்று கேட்கச் சொன்னால் அம்மா வேறொன்று கேட்கிறாரே என்று ஒரு வாரம் பேசவில்லை. கர்த்தர் என்னை மன்னிப்பாராக.

என் அறைத்தோழி பெயர் லூசியானா. முப்பத்தொரு வயது. அந்த ஒற்றை இடத்துக்காக மூன்றாவது வருஷமாக முயல்கிறவள். அவள் பூட்டுப் போடும்போது அவசரமே இருக்காது, மூச்சுக்கூடச் சீராக இருக்கும். அவளைப்போல் ஆக வேண்டும் என்று தினமும் நினைத்தேன். ஒரு நாள் காலையில் சமையலறையில் காபியோடு திரும்பிய நான் அவள் பாதத்தை மிதித்துவிட்டேன். வழக்கம்போல் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவள் என் கையையே பார்த்தாள். போனில் மொழிபெயர்ப்பை எடுத்து நீட்டி, இது என்ன என்று கேட்டாள். சொன்னேன். மேட்டில் நடப்பதும் இதுதானா என்றாள். தலையாட்டினேன். யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினேன். சரி என்றாள்.

தேர்வு நாள் வந்தது. எப்படியோ கடைசி ஆட்டம்வரை வந்துவிட்டேன். எதிரே நிற்பது யார்? லூசியானா!

நான்காவது நிமிஷம். நான் மல்லாந்து கிடக்கிறேன், அவள் மேலே. அவளுடைய வலது கை என்னிடம் மாட்டியது. இடுப்பைத் தூக்கி, காலை அவள் தலைக்கு மேலாகச் சுழற்றினேன். பூட்டு விழுந்துவிட்டது, இழுத்தால் முடிந்தது. அந்த நேரம் பார்த்து என் குதிகால் அவள் வாயில் பட்டது. உதடு கிழிந்து ரத்தம். என் கை தானாகப் போய்விட்டது. அவள் தோளில் இரண்டு தட்டு.

புரொஃபெசர் ஆட்டத்தை நிறுத்தி அவள் பக்கம் கை காட்டினார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். "ஏன் ஆண்டவரே?" என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை.

லூசியானா எழுந்திருக்கவில்லை. முட்டி போட்டபடியே, உதட்டு ரத்தத்தோடு, புரொஃபெசரிடம் பேச ஆரம்பித்தாள். அவர் மறுத்தார். தட்டினால் தட்டியதுதான் என்றார். அவள் விடவில்லை. அதற்குள் எனக்கும் அவர்கள் பாஷை கொஞ்சம் பிடிபட்டிருந்தது.

"அவள் தோற்கவில்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர்கள் ஊரில் அப்படித்தான் கேட்பார்கள்."

பிறகு அவள் செய்ததைக் கேளுங்கள். என் பக்கம் திரும்பி, தன் வலது கையை நீட்டி, என் இரண்டு கைக்குள்ளும் வைத்தாள். என் காலைத் தூக்கித் தன் கழுத்தின் மேல் தானே போட்டுக்கொண்டாள். "இங்கேதான் இருந்தது. பிடி" என்றாள். மூன்று வருஷ உழைப்பை அவளே கொண்டுவந்து என் கையில் வைத்தாள். புரொஃபெசர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், தொடங்கு என்றார்.

என்னால் இழுக்க முடியவில்லை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இரக்கம் காட்டாதே, முழுசாகச் செய்" என்றாள். இழுத்தேன். அவள் திமிறினாள், சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. நிஜமாகவே போராடினாள். கொஞ்ச நேரம் கழித்து என் தொடையில் இரண்டு தட்டு விழுந்தது. அந்த நொடியே விட்டேன்.

ஆட்டம் முடிந்து, மணியும் அடித்த பிறகு அவள் தோளை இரண்டு தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ரத்தம் படிந்த பல்லோடு அவள் சிரித்தாள். நான் ஓவென்று அழுதேன்.

அன்றே அம்மாவுக்குப் போன் செய்து, கர்த்தர் ஆளை அனுப்பிவிட்டார், அம்மா என்றேன். நான் கேட்டபடி கை அடங்கியிருந்தாலும் நான் ஜெயித்திருப்பேன். ஆனால் இப்படியும் ஒரு மனுஷி இருக்கிறாள் என்று சாகும்வரை தெரியாமல் போயிருக்கும். கேட்கப்பட்டது என் அம்மாவின் ஜெபம். அதற்காகக் கர்த்தரை நான் துதிக்காத நாளில்லை.

அந்த ஒரு வருஷம் இருந்து கற்றுவிட்டு வந்தேன். இப்போது வெள்ளானூரில் ஒரு அப்பார்ட்மென்ட் ஹாலில் சாயங்காலம் பதினைந்து பெண்களுக்குச் சொல்லித்தருகிறேன். எங்கள் மேட்டில் ஒரு ஒழுங்கு உண்டு. ஆட்டத்தின் நடுவில் கால் பட்டால் கை அசையக் கூடாது. மணி அடித்ததும் கால் பட்டவள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் தண்ணீர் குடிக்கப் போவாள். முன்னெல்லாம் சட்டென்று எரிந்து விழுவேன். இப்போது ஒரு மூச்சு விட்டுப் பேசப் பழகியிருக்கிறேன். நம்பாவிட்டால் என் அம்மாவைக் கேளுங்கள்.

கேட்டது கிடைக்கவில்லை என்று சோர்ந்து உட்கார்ந்திருக்கிற அக்காமார் இங்கே இருக்கலாம். உங்களுக்காக வேறொருவர் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருப்பார். என்னைப்போல் போனை வைத்துவிடாதீர்கள். கர்த்தர் தருவதை நம்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. லூசியானாவுக்குப் போன வருஷமும் இடம் கிடைக்கவில்லை. இந்த மாதக் கடைசியில் ஐந்தாவது தடவையாக மேட்டில் இறங்குகிறாள். நீங்கள் ஜெபிக்கப் போவதை அவளிடம் சொல்லிவிட்டேன். நம் கூட்டத்து ஜெப நோட்டில் என் பெயர் இருந்த இடத்தில் அவள் பெயரை எழுதுங்கள். இன்றைக்கு ஜெபத்தை நான் தொடங்குகிறேன்.