ஓரத்தில் மட்டும் உயிர்

2007இல் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்காலைக்குப் பின்புறம், எலும்பு வளர்க்கும் கம்பெனி ஒன்று முளைத்தது. மனித மஜ்ஜையில் எடுத்த ஸ்டெம் செல்களைப் பட்டன் அளவுப் பஞ்சுக்குள் விட்டு, இருபத்தொரு நாள் கதகதப்பான பெட்டியில் வைத்தால், உடைந்த காலில் பொருத்த எலும்பு தயார் என்றார் முதலாளி டாக்டர் ப்ரஹ்லாத். பஞ்சு சாரமாம், செல்கள் கொத்தனார்களாம். வந்தவர் போனவரிடமெல்லாம் இதையே சொல்வார். எந்தக் கொத்தனார் சோறு தண்ணி இல்லாமல் வேலை செய்வான் என்று ஆரோக்கியமேரி நினைத்துக்கொள்வாள்.

அவள் எளாவூர்க்காரி. பத்தாவதோடு படிப்பு நின்றது. சென்னை மருத்துவமனை ஒன்றில் பதினெட்டு வருடம், சதைத்துண்டை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவிச் சாயமேற்றியவள். பார்த்துப் பார்த்தே கற்றது. இப்போது இந்தக் கம்பெனியிலும் அதே வேலை.

முதல் பஞ்சை அவள் நடுவாக்கில் சீவினாள். ஓரத்தில் சாயம் பிடித்த செல்கள் ஊதாப் புள்ளிகளாக நெருக்கமாக இருந்தன. ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனால் ஒன்றுமில்லை. ஊட்டத் திரவம் உள்ளே இறங்கவே இல்லை. நடுவிலிருந்த செல்கள் பட்டினியில் செத்திருந்தன. காட்டியபோது மேனேஜர் ஆதிநாராயணனுக்குக் கோபம் வந்தது.

"இன்னா மேரிம்மா, ஓரத்துல சீவுன்னா சீவினு போயேன். நடுவுல இன்னா வேல உனக்கு?"

"நடுவுலதானே சார் எலும்பு வரணும்?"

வாதம் எடுபடவில்லை. அடுத்த மாதம் ஒரு நோயாளியின் காலுக்குப் பஞ்சு போக வேண்டும்; அதற்கு முன் ஸ்லைடுகள் ஆபரேஷன் செய்யும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். மேரி சொன்னபடியே ஓரத்தில் சீவினாள். ஆனால் பழைய இடத்துப் பழக்கம் ஒன்று அவளை விடவில்லை: எங்கே சீவியது என்பதை லேபிளில் எழுதாமல் ஸ்லைடு மேசையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. பன்னிரண்டு லேபிளிலும் 'ஓரம்' என்று எழுதினாள். கம்பெனியில் யாருக்கும் லேபிள் படிக்கும் வழக்கமில்லை.

மருத்துவமனை சர்ஜனுக்கு இருந்தது. நடுப்பகுதி எங்கே என்று இரண்டே வரியில் கடிதம் வந்தது.

அன்று ப்ரஹ்லாத் முதல் தடவையாக அவள் மேசைக்கு வந்தார். அவர் கண்ணெதிரே பெட்டியிலிருந்த இன்னொரு பஞ்சை எடுத்து, மெழுகில் பதித்து வைத்து, மறுநாள் அவர் கண்ணெதிரேயே நடுவாக்கில் சீவினாள். மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். சாயம் சரியாகப் பிடிக்கவில்லையோ என்றார்.

"ஓரத்துல புடிச்ச அதே சாயந்தான் சார்."

அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அந்த மாதப் பஞ்சு எதுவும் மருத்துவமனைக்குப் போகவில்லை. கழிவுப் பையில்தான் போயிற்று. பையின் வாயைக் கட்டச் சொன்னதும் மேரியைத்தான். இரண்டு முடிச்சுப் போட்டாள்.