சத்து மாத்திரை என்று எழுதிய வெள்ளை டப்பா

அம்மாவின் படத்தைப் பார்த்துவிட்டு இந்த நினைவு மலரை மூடி வைத்துவிட வேண்டாம். தயவுசெய்து இந்தக் கட்டுரையைப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் படித்துக் காட்டுங்கள். முப்பதாம் நாள் திருப்பலிக்கு வந்து, எங்களோடு ஜெபித்து, இதைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் ஒருவருக்கு இது உயிர் விஷயம். அவர் யார் என்று எனக்குத் தெரியாது.

நான் அம்மாவின் மூத்த மகள். ஒன்பதாவது பாதியில் நின்றவள். "அம்மாவைப் பத்தி நீதாங்க்கா எழுதணும், நீதான கூடவே இருந்த" என்று தம்பி ஜெரால்டு சொன்னான். முதல் பக்கத்தை எழுதிக் காட்டினேன். "இன்னாக்கா இது? அம்மா பொறந்த ஊர் எங்க, அம்மா குணம் எங்க? ஆஸ்பத்திரி சீட்டு மாதிரி எழுதி வெச்சிகிற" என்றான். சரி, பிறந்த ஊரிலிருந்தே வருகிறேன். ஆனால் ஒன்றை முதலில் சொல்லிவிட்டுத்தான் வருவேன். இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது.

அம்மாவை அடக்கம் செய்த அன்று, எங்கள் வீட்டில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருந்த பிஸ்கட் டின்னை யாரோ எடுத்துப் போயிருக்கிறீர்கள். அதில் அம்மாவின் மாத்திரைகள் இருந்தன. திருட்டு என்று நான் சொல்லவே இல்லை. போனவருடைய மருந்து வீணாகக் கூடாது என்று, அதே வியாதி உள்ள சொந்தக்காரர்கள் எடுத்துக்கொள்வது நம்மிடம் நடப்பதுதான். அப்பா காலமானபோது அவருடைய பிரஷர் மாத்திரையை அம்மாவே ஒருவருக்குக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். ஆனால் அந்த டின்னில் 'சத்து மாத்திரை' என்று லேபிள் உள்ள வெள்ளை டப்பா ஒன்று இருக்கிறது. அதற்குள் இருப்பது சத்து மாத்திரை அல்ல. சர்க்கரையை இறக்கும் மாத்திரை. அதுவும் பெரிய அளவு. மொத்தம் பதினேழு. போடாதீர்கள். உடம்பு தேறட்டும் என்று வீட்டில் இருக்கும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இப்போது பிறந்த ஊர்.

அம்மா பிறந்தது வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் காலனியில். ஐந்து பிள்ளைகளில் நான்காவது. ஐந்தாவது வரை படித்தார். வாலாஜாபாத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். எனக்குப் பதினான்கு வயது, தம்பிக்கு ஒன்பது வயது இருக்கும்போது அப்பா காலமானார். நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு ஒரகடம் பக்கம் வந்து, ஒரு கம்பெனி கேன்டீனில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பதினான்கு வருஷம். வெங்காயம், கோஸ், கேரட், எல்லாம் மூட்டைக் கணக்கில். வடக்கிலிருந்து வந்த பையன்கள் தட்டோடு நின்றால் இரண்டாவது கரண்டி சாதம் கேட்காமலே விழும். சூப்பர்வைசர் முறைத்தால், "பசியோட ஒருத்தன் மிஷின்ல கை வெச்சா கை போவும் சார். நீங்க குடுப்பீங்களா கை?" என்பார். அவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஊருக்கே சோறு போட்டவர், தாம் சாப்பிட மதியம் மூன்று மணி ஆகும்.

கேன்டீன் ஆட்களுக்குச் செய்யும் உடல் பரிசோதனையில்தான் அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போட்டார். கொஞ்ச வருஷத்தில் விரல் நுனி மரத்துப்போக ஆரம்பித்தது. அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்க முடியவில்லை. அழுத்தினால் மாத்திரை தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடும். "அது என்னைப் பார்த்து பயந்துகினு ஓடுதுடி, நான் இன்னா பண்ண?" என்று சிரிப்பார்.

நான் செல்போன் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஏ ஷிஃப்ட் என்றால் விடியும் முன்னே பஸ் வந்துவிடும். பக்கத்தில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்க முடியாது. அதனால் ஒரு வேலை செய்தேன். சத்து மாத்திரை தீர்ந்துபோன வெள்ளை டப்பா ஒன்று இருந்தது. மூடி திருக சுலபமாக இருக்கும். சர்க்கரை மாத்திரைகளை எல்லாம் அட்டையிலிருந்து பிதுக்கி அதில் கொட்டி வைத்தேன். அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். எனக்கும்தான்.

இதை எழுதும்போது எனக்கே என் மேல் கோபம் வருகிறது. கம்பெனியில் எங்கள் லைனில் இரண்டு வகை ஸ்க்ரூ உண்டு. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ஒரு வகையைத் தெரியாமல் இன்னொன்றின் பெட்டியில் போட்டுவிட்டால், லைனையே நிறுத்தி அதுவரை செய்த அத்தனையையும் பிரித்துப் பார்ப்பார்கள். பெட்டி மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உள்ளே இருக்க வேண்டும். சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லித்தான் உள்ளே விடுவார்கள். எட்டு மணி நேரம் அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதே தப்பை அம்மாவின் மருந்தில் செய்தேன்.

அதற்குப் பிறகு வந்தது ஒரு பெரிய வெள்ளிக்கிழமை. எனக்கு அன்று வேலை. டீ பிரேக்கில் லாக்கரிலிருந்து போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"மாத்திரை போட்டியாம்மா?"

"போட்டன்."

"சாப்டியா?"

"இன்னாடி கேள்வி இது? ஆண்டவரே சிலுவைல தொங்கறாரு, நான் இட்லி துன்னுகினு உக்காரட்டுமா?"

நான் கேஸை மூடினோமா என்று மூன்று தரம் பார்க்கிறவள். பஸ் ஏறிய பிறகும் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து பூட்டை இழுத்துப் பார்க்கச் சொல்கிறவள். அன்று, மாத்திரை போட்டாரே, அது போதும் என்று நிம்மதியாக லைனுக்குத் திரும்பினேன். நான் கவலைப்படாமல் இருந்த நேரத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று, கவலைப்பட்டே ஆக வேண்டிய நேரமாகப் போய்விட்டது.

கோயிலில் சிலுவைப்பாதை பாதி நடக்கும்போதே அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. கை நடுங்கியிருக்கிறது. பிறகு சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்து, ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த உபதேசியாரைப் பார்த்து, "தட்ட கழுவி வெச்சிட்டுப் போ" என்று அதட்டியிருக்கிறார். வெயில் என்றார்கள் சிலர். விரதம் என்றார்கள் சிலர். எங்கள் சித்தி, அம்மாவின் தங்கை, விசிறிக்கொண்டே அழுதாராம். எங்கள் தெரு ஸ்டெல்லா அக்கா தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "சுகர் மாத்திரை போட்டாங்களா? சாப்ட்டாங்களா?" என்பதுதான். அம்மாவால் விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரை வாங்கிக் கரைத்துக் குடிக்க வைத்தார். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும் என்று பிறகு எனக்குச் சொன்னார்.

அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். சித்திக்கு உயிர் வந்தது. "அதான் தெளிஞ்சிட்டாளே, இன்னும் எதுக்குமா ஆஸ்பத்திரி?"

"சர்க்கரை தண்ணி கொஞ்ச நேரந்தான் தாங்கும் ஆன்ட்டி. மாத்திரை இன்னும் உள்ள வேலை செஞ்சிகினு கீது. ஆட்டோவ கூப்புடுங்க."

அவர் சொன்னது போலவே ஆஸ்பத்திரி போனதும் சர்க்கரை மறுபடி இறங்கியது. ஒரு நாள் முழுக்க வைத்திருந்துதான் அனுப்பினார்கள்.

டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். அந்த மாத்திரை, வயிற்றுக்குள் இருக்கும் கணையத்தைத் தூண்டி, சர்க்கரையை இறக்கும் சுரப்பை வெளியே அனுப்ப வைக்கும். நாம் சாப்பிட்டோமா, விரதமா, பெரிய வெள்ளியா என்று மாத்திரைக்குத் தெரியாது. போட்டால் அது வேலையைச் செய்யும். வயிற்றில் சோறு இருந்தால் அந்தச் சர்க்கரையை இறக்கும். இல்லாவிட்டால் மூளைக்குப் போக வேண்டிய சர்க்கரையையும் சேர்த்து இறக்கிவிடும். அதோடு அம்மாவுக்குச் சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனமாகியிருந்தது. வேலை முடிந்த மருந்தை உடம்பிலிருந்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டாம். லைனில் கடைசி ஆள் மெதுவாக எடுத்தால் முன்னால் சாமான் குவியும் இல்லையா, அது மாதிரி, நேற்றைய மருந்து போகாமல் இன்றைய மருந்தோடு சேர்ந்துகொள்கிறது. போன வருஷம் சரியாக இருந்த அளவு இந்த வருஷம் அதிகமாகிவிடும். நேற்று நல்லது செய்த மாத்திரைதானே என்று நாம் நினைக்கிறோம். மாத்திரை அதேதான், உடம்புதான் வேறு.

டாக்டர் அளவைக் குறைத்துப் புது மாத்திரை எழுதினார். அதன் பிறகு எதையும் நான் டப்பாவில் கொட்டவில்லை. அட்டையிலேயே வைத்திருந்து, அன்றைக்கு உண்டானதை மட்டும் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, இட்லித் தட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போவேன். தட்டைத் தாண்டித்தான் கிண்ணம். போட்டதும் அம்மா கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பார். நான் போனில் "கிண்ணம்?" என்பேன். "கவுந்துச்சு" என்பார். வேறு பேச்சே கிடையாது.

பழைய பெரிய மாத்திரை பதினேழு அந்த வெள்ளை டப்பாவிலேயே நின்றுவிட்டது. "அத வெச்சிக்காத, குடு, எங்க ஆஸ்பத்திரி மருந்து ரூம்ல சேத்துடறன்" என்று ஸ்டெல்லா அக்கா இரண்டு தரம் கேட்டார். "இருக்கட்டும்டி, மருந்தக் கொட்டினா பாவம்" என்றார் அம்மா. டின்னுக்கு அடியில் தள்ளி வைத்தேன். அடிக்கடி எடுத்து எண்ணிப் பார்ப்பேன். பதினேழு. எண்ணினேனே தவிர, கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. லேபிளைக்கூடக் கிழிக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அம்மா எங்களோடு இருந்தார். தம்பி மகளுக்கு முதல் நற்கருணை கொடுத்ததைப் பார்த்தார். கடைசியில் வந்தது மாரடைப்பு. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார். "மாத்திரையாலயா சார்?" என்று டாக்டரை மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் இல்லை என்றார். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது அதை நம்புகிறேன். வீட்டுக்குள் நுழைந்து கிண்ணத்தைப் பார்த்தால் மறுபடியும் கேள்வி வருகிறது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் டின் இல்லாததைப் பார்த்தேன். பதினோரு வீட்டுக்குப் போன் செய்தேன். "ஏண்டி, உங்கம்மா கம்மல் எங்க, சங்கிலி எங்கன்னு கேட்டாலும் ஒரு நாயம் கீது. மாத்திரைக்கா வூடு வூடா போலீஸ் மாதிரி கேப்ப?" என்றார் சித்தி. இரண்டு வீட்டில் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் கேட்ட விதம் தப்பு. பயத்தில் கத்திவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இதுவரை எழுதித்தான் அச்சகத்தில் கொடுத்திருந்தேன். மறுநாள் காலை கேட்டில் ஒரு துணிப்பை மாட்டியிருந்தது. உள்ளே பிஸ்கட் டின். என் பதினோரு போன்களில் ஒன்று எங்கேயோ வேலை செய்திருக்கிறது. வாசலிலேயே உட்கார்ந்து வெள்ளை டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன். பதினைந்து. மறுபடி எண்ணினேன். ஸ்டெல்லா அக்காவை விட்டு எண்ணச் சொன்னேன். பதினைந்துதான்.

"அதான் வந்துடுச்சேக்கா, அந்தப் பேச்ச எடுத்துட்டு நல்லபடியா முடி" என்றான் ஜெரால்டு. எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அச்சகத்து அண்ணன் முகம் சுளிக்காமல் ஒரு பக்கம் சேர்த்துக் கொடுத்தார். பதினைந்தையும் ஸ்டெல்லா அக்கா வாங்கிக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். லேபிளை நான் கிழித்துவிட்டேன்.

அந்த இரண்டை எடுத்தவரிடம் பேசுகிறேன். நீங்கள் யார் என்று நான் தேட மாட்டேன். அதைச் சத்து மாத்திரை என்று நினைத்து எடுத்து இன்னும் போடாமல் வைத்திருந்தால், தயவுசெய்து போடாதீர்கள். போட்டுவிட்டு வேர்வை, நடுக்கம், தலைசுற்றல் வந்து, நீங்கள் அதை வேலைக் களைப்பு என்று விட்டிருந்தால், டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். இல்லை, உங்களுக்கும் சர்க்கரை இருந்து, ஆஸ்பத்திரிக்குப் போனால் ஷிஃப்ட் போகும், அட்டெண்டன்ஸ் போகும் என்று அம்மாவின் மருந்தை எடுத்திருந்தால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க நான் வரிசையில் நிற்கிறேன். உங்கள் முறை வரும்போது வந்தால் போதும். டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிட இட்லி நான் கொண்டுவருகிறேன்.

அம்மாவின் கடைசி நாட்களில் உடனிருந்த ஸ்டெல்லா அக்காவுக்கும், வார்டு நர்ஸ்களுக்கும், ஆட்டோவைக் கோயில் வாசல் வரை கொண்டுவந்த டிரைவர் தம்பிக்கும், எனக்காக டபுள் டியூட்டி பார்த்த லைன் தோழிகளுக்கும், திட்டிக்கொண்டே தினமும் சோறு கொண்டுவந்த சித்திக்கும், ஜெபித்த பங்கு மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. டின்னைத் திருப்பி மாட்டிவிட்டுப் போனவருக்கும் நன்றி.

நீங்கள் பேர் சொல்ல வேண்டாம். எங்கள் வாசல் சுவர் மேல் அம்மாவின் சின்னக் கிண்ணத்தை நிமிர்த்தி வைத்திருக்கிறேன். நன்றாக இருக்கிறீர்கள் என்றால், போகிற போக்கில் அதைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
அம்மாவின் மகள்
ரோஸி