கர்சீப் போட்ட சீட்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், "முதலில் ஒயரைப் பார்" என்று சொல்கிற ஆள் நான். கல்கத்தாவில் கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் சிக்னல் பிரிவில் காலம் தள்ளியவன். மணி தானாக அடித்தது, விளக்கு தானாக எரிந்தது என்று புகார் வரும், போய்ப் பார்த்தால் எலி கடித்த ஒயர் இருக்கும். அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பாவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எல்லார் கையிலும் செல்போன் வர ஆரம்பித்திருந்த சமயம் அது. லேக் கார்டன்ஸ் பக்கம் நம் தமிழர்கள் சேர்ந்து ஒரு சின்ன சபா நடத்தினோம். முந்தைய வருடம் கல்யாண வீடியோக்காரர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தோம், மனிதர் லைட்டைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் நந்தி மாதிரி நின்றுவிட்டார். "யோவ், உக்காருய்யா!" என்று முன்வரிசை மாமிகள் கத்தியதுதான் ரெக்கார்டில் பாட்டைவிட நன்றாகக் கேட்டது. ஆகவே கமிட்டியில் என்னைப் பிடித்தார்கள். ரிமோட்டில் திரும்புகிற கேமரா வேண்டும், விலையும் நமக்குக் கட்டுப்படியாக வேண்டும், நீதான் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

புதிதாக வாங்க நினைத்தால் சபாவையே விற்க வேண்டும். சாந்தினி மார்க்கெட்டில் ஒரு கடையில், ஏதோ கம்பெனியின் மீட்டிங் அறையிலிருந்து கழற்றிய கேமராக்கள் கிடந்தன. கடைக்காரர் "ஏக்தொம் பாலோ மால், தாதா", முதல்தரச் சரக்கு அண்ணா, என்று வங்காளியில் சத்தியம் செய்தார். நான் ஒவ்வொன்றையும் திருப்பவிட்டு அதன்மேல் காதை வைத்துக் கேட்டேன். நாட்டியத்தில் எல்லாம் அடங்கி அபிநயம் மட்டும் நடக்கும்போது மேலே மோட்டார் உறுமினால் காரியம் கெட்டுவிடும் இல்லையா? கடை விளக்கை அணைக்கச் சொல்லி, மங்கலில் முகம் தெரிகிறதா என்றும் பார்த்தேன். இரண்டு தேறின. அதில் ஒன்றுக்கு ஒரு குறை, கரண்ட் போனால் அதில் பதித்துவைத்த கோணமெல்லாம் மறந்துவிடும். அதனால்தான் அந்த விலை. பரவாயில்லை என்று வாங்கிவிட்டேன்.

முதல் நிகழ்ச்சியே நந்தினியின் அரங்கேற்றம். அவள் அப்பா சுந்தரேசன் என் ஆபீஸ் நண்பன். சென்னைக்கு ஆபீஸ் வேலையாகப் போனவன் அன்று மத்தியானம் ஹவுராவில் இறங்க வேண்டும். ரயில் வழியிலேயே படுத்துவிட்டது. கடைசியாகப் பேசியபோது, "முன்வரிசையில ஓரமா ஒரு கர்சீப் போட்டு வைய்யா, எப்படியும் வந்துடுவேன்" என்றான், அதோடு அவன் செல்போன் அணைந்துவிட்டது.

பஸ்ஸில் துண்டு போடுகிற ஜாதி நாம், கல்கத்தாவுக்கு வந்தும் அது போகவில்லை. கர்சீப் கிடக்கிற சீட்டில் எங்கள் சபாவில் மகாராஜாவே வந்தாலும் உட்கார மாட்டார். முன்வரிசையில் சுவரை ஒட்டிய கடைசி சீட்டு உடைந்து, யாரும் உட்காராதபடி கயிறு கட்டியிருந்தது. அதற்கு அடுத்த சீட்டின் முதுகில் என் கர்சீப்பைத் தொங்கவிட்டேன்.

நந்தினி சலங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அப்பா வராம என்னால ஆட முடியாது மாமா."

"ஒண்ணு விடாம எடுத்துத் தரேம்மா. உங்கப்பா நூறு தடவை போட்டுப் பாக்கட்டும். நீ போய் ஆடு" என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு கேமராவையும் இன்னொரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

ஆடினாள், ஆனால் உயிரில்லை. கண் வாசலிலேயே இருந்தது. வர்ணம் நடுவில் கரண்ட் போனது. மிருதங்கம் நிற்கவில்லை, ஜதி சொன்னவரும் நிறுத்தவில்லை, இருட்டில் சலங்கைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கரண்ட் வந்தது.

கரண்ட் வந்தால் இந்தக் கேமராக்கள் கோடிக்குக் கோடி ஒருமுறை திரும்பிவிட்டு நேராக வந்து நிற்கும். எதிரே இருந்த கேமரா அப்படித்தான் நின்றது. மேடைப் பக்கத்துத் தூணில் மாட்டியிருந்த ஞாபகமறதிக் கேமரா நிற்கவில்லை. மெதுவாக, யாரோ நடந்து வருவதைப் பார்க்கிற மாதிரி, வாசலிலிருந்து சுவரோரமாகவே வந்து, முன்வரிசை ஓரத்தில் குனிந்து நின்றது. ரிமோட்டை அமுக்கு அமுக்கு என்று அமுக்கினேன். அது அசையவில்லை. இன்னொரு கேமராவோ அதே ரிமோட்டுக்குச் சொன்னபடி கேட்டது.

கேமராவோடு இணைத்து என் பக்கத்தில் வைத்திருந்த டிவியில் பார்த்தால், கர்சீப் போட்ட சீட்டைக்கூடச் சரியாக நடுவில் காட்டாமல் ஓரத்தில் தள்ளியிருந்தது. சீட்டெல்லாம் மங்கல். வெறும் சீட்டைக் காட்டினால் அதில்தானே ஃபோகஸ் நிற்க வேண்டும்? முன்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் பின்னால் சீட்டு எப்படி மங்கலாகத் தெரியுமோ, அப்படித் தெரிந்தது. நான் எழுந்து நேரில் பார்த்தேன். காலி சீட்டு, தொங்குகிற கர்சீப், அவ்வளவுதான். உண்மையைச் சொல்கிறேன், பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. எந்த ஒயர் இப்படி வேலை செய்யும் என்று மண்டையைக் குடைந்தது.

அதற்குள் மேடையில் நந்தினி வேறு ஆளாகியிருந்தாள். வலது கால் சலங்கை அவிழ்ந்து விழுந்தது, குனியாமல் ஓரமாகத் தள்ளிவிட்டுச் சிரித்தபடி ஆடினாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. வர்ணம் முடிந்ததும் கேமராவும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ரிமோட்டுக்குத் திரும்பியது.

ஜமக்காளத்தை மடிக்கும்போதுதான் சுந்தரேசன் பெட்டியும் கையுமாக ஓடி வந்தான். நந்தினி கட்டிக்கொண்டு அழுதாள். அவன் முதலில் கேட்டது இதைத்தான்.

"வலது கால் சலங்கையைச் சரியா கட்டலையாம்மா?"

மடித்த ஜமக்காளத்தை அப்படியே போட்டுவிட்டுக் கேட்டேன். "உனக்கு யார்யா சொன்னா?"

"யாரும் சொல்லல. ஹவுராவுக்குக் கொஞ்சம் முன்னால, சாந்த்ராகாச்சி அவுட்டர் சிக்னல்ல வண்டியைப் போட்டுட்டான். அப்படியே கண் அசந்துட்டேன். கனவுல பாதி வர்ணத்துலேருந்து பாத்தேன்யா, நீ போட்ட கர்சீப் மேல சாஞ்சுண்டு."

அவன் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். பெற்ற மனசு, ரயில் நின்றால் என்ன, அது முன்னால் ஓடி வந்துவிட்டது என்று நானும் ஒருவழியாகத் தேற்றிக்கொண்டேன். எனக்கும் கண் கலங்கியது.

வீட்டில் பதிவைப் போட்டுப் பார்த்தோம். கேமரா ஓரத்துக்குத் திரும்பிய இடம் வந்ததும் சுந்தரேசன், "ஆமா, பக்கத்துல ஒருத்தர் இருந்தாரே, அவர் யாரு?" என்று கேட்டான். "சுவரோரமா. கைப்பிடியில தாளம் போட்டுண்டே வந்தார். 'உம்ம பொண்ணா?'ன்னு கேட்டார். ஆமான்னேன். 'நான் வருஷா வருஷம் வரேன்'னார்."

கயிறு கட்டிய சீட்டு அது.

அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. சுந்தரேசன் வந்ததைக்கூடப் பாசம் என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் படத்தின் நடுவை உற்றுப் பார்க்கிறேன். கர்சீப் தொங்குவது ஓரத்தில்தான். நட்டநடுவில் இருப்பது அந்த உடைந்த சீட்டு.