கூட்டேரிப்பட்டு வரை வந்த தாம்பூலத் தட்டு

சுப்பராயலு கண்டக்டரிடம் சரியான நேரத்தைக் கேட்டு வாங்கியவர்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே கிடையாது. விழுப்புரம்–திண்டிவனம் தடத்தில் முப்பத்தொரு வருஷம் டிக்கெட் கிழித்த மனிதர். "வண்டி எப்ப எடுப்பீங்க?" என்று யார் கேட்டாலும், "ஏறி உக்காருங்க, இதோ எடுத்துடுவோம்" என்பார். டிரைவரோ எதிர்க்கடையில் அப்போதுதான் இரண்டாவது வடையைக் கடித்துக்கொண்டிருப்பார். பொய் சொல்கிறீரே என்று கேட்டால் மனிதருக்குக் கோபம் வந்துவிடும். "பொய்யில்லைங்க. ஜனங்க மனசு நோகக்கூடாதுன்னு சொல்ற ஒரு வார்த்தை" என்பார்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் போகவில்லை. விழுப்புரத்தை ஒட்டின ஊரில் அவருக்கு இரண்டு ஏக்கர் நிலம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிறார். பக்கத்து நிலத்துக்காரர் மருந்தடிக்கிற மெஷினை இரவல் கேட்டால், "உனக்கில்லாததா? ஒரு வாஷர் போயிடுச்சு, மாத்திட்டு நானே கொண்டாந்து தர்றேன்" என்பார். அந்த வாஷரை ஆறு வருஷமாக மாற்றிக்கொண்டிருக்கிறார். கேட்டவரும் கோபித்துக்கொண்டதில்லை. இப்படி யாரையும் பகைத்துக்கொள்ளாமல் எதையும் கொடுக்காமல் அறுபத்திரண்டு வயது வரை வந்து சேர்வது லேசுப்பட்ட காரியமா, சொல்லுங்கள்!

அப்பேர்ப்பட்டவரிடம்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் கெங்கம்மாள் பெண் கேட்டு வந்தாள். கெங்கம்மாள் திண்டிவனம் மார்க்கெட்டில் தேங்காய் மண்டி நடத்துகிறவள். தேங்காயைத் தட்டிப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்லிச் சொல்லி, மனுஷர்களையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டவள். அவள் மகன் பிரவீன்குமார் திண்டிவனத்திலேயே சொந்தமாக ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறான். சுப்பராயலுவின் ஒரே மகள் கலைமதிக்கு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் லேப் வேலை. இரண்டு பேரும் சேர்ந்து படித்தவர்கள், சேர்ந்தே பிடித்துப்போனவர்கள்.

மாப்பிள்ளையிடம் குறை கண்டுபிடிக்க சுப்பராயலு தலைகீழாக நின்று பார்த்தார். ஜாதகம் பொருந்தித் தொலைத்தது. தோண்டிப் பார்த்தால் தூரத்துச் சொந்தமும்கூட. பையன் பீடி, சிகரெட் தொடுவதில்லை. பாவி, காபியில் சர்க்கரைகூடப் போட்டுக்கொள்ளவில்லை! கண்டக்டருக்கு உள்ளுக்குள் இருந்தது வேறு. மனைவி போய் அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கலைமதியும் போய்விட்டால் அந்த வீட்டில் அவரும் மருந்தடிக்கிற மெஷினும்தான். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வயல் ஓரத்தில் புது ரயிலுக்காக நட்ட மஞ்சள் கல் தெரிந்தது.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே தூண் எழுப்பி நகர ரயில் விடப்போவதாகச் சொல்லி நட்ட கல் அது. மூன்று தடவை தேதி சொன்னார்கள், மூன்று தடவையும் தள்ளிப்போட்டார்கள். கல்லில் யாரோ ஆட்டைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

"பஸ்ஸுல வந்து பொண்ணு கேக்குறீங்களே, எனக்கு ஒரு மாதிரியா இருக்குதும்மா. நான் அந்த பஸ்ஸுலியே தேஞ்சவன். இதோ புது ரயில் வருது. திண்டிவனத்துல ஏறி விழுப்புரத்துல இறங்கி வந்து தட்டை வைங்க. கண்ணை மூடிக்கினு பொண்ணைத் தர்றேன்" என்றார்.

கெங்கம்மாள் அவரைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், ஆட்டையும் பார்த்தாள். "சத்தியமா?"

"மயிலம் முருகன் மேல சத்தியம்."

அவள் எழுந்தாள். வைத்த தட்டை வெற்றிலை பாக்கோடு அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கலைமதி அழவில்லை, சண்டை போடவில்லை. மறுநாளும் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். போனில் பிரவீன்குமாரோடு பேசிக்கொண்டாள். அப்பாவுக்குக் கேப்பைக் கூழ் கரைத்து வைத்தாள், அவர் சொன்ன பழைய பஸ் கதைகளுக்குப் பத்தாவது தடவையும் சிரித்தாள். என் பொண்ணு தங்கம், அப்பன் பேச்சைத் தட்டமாட்டாள் என்று சுப்பராயலு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். மூன்று வருஷம் நிம்மதியாகப் போயிற்று.

பிறகு மேலிடத்தில் யாருக்கோ புத்தி வந்துவிட்டது. மொத்தமும் முடிகிற வரைக்கும் காத்திருப்பானேன், முடிந்ததை முடிந்ததைத் திறந்துவிடலாமே என்று முடிவெடுத்தார்கள். முதல் கட்டம் திண்டிவனத்திலிருந்து வழியில் இருக்கிற கூட்டேரிப்பட்டு வரை. திறந்த அன்று காலை பதினோரு மணிக்கு சுப்பராயலுவின் போன் அடித்தது.

"சம்மந்தி, கூட்டேரிப்பட்டு வரைக்கும் வந்துட்டோம்" என்றாள் கெங்கம்மாள்.

"யாரு சம்மந்தி? எதுக்கும்மா வந்தீங்க?"

"பொண்ணு கேக்கத்தான். இதுக்கு மேல தண்டவாளம் போடல. பஸ் ஏறுனா உங்க சத்தியத்துக்கு ஆவாது பாருங்க, அதனால திரும்பிப் போறோம். தட்டுல இருந்த வாழைப்பழத்தை மட்டும் ஸ்டேஷன்ல இருந்தவங்களுக்குக் குடுத்துட்டேன்."

போனில் ஒரு படமும் வந்தது. 'கூட்டேரிப்பட்டு' என்று எழுதின பலகைக்குக் கீழே கெங்கம்மாள் பட்டுப் புடவையில் தட்டும் கையுமாக நிற்கிறாள். பக்கத்தில் பிரவீன்குமார் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறான். இந்தப் படம் எப்படியோ ஊர் முழுக்கப் பரவி, "கண்டக்டரே, பாதிப் பொண்ணைக் குடுத்துட வேண்டியதுதானே?" என்று டீக்கடையில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சுப்பராயலுவும் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த திங்கட்கிழமையே கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிற இடத்தில் போய் வரிசையில் நின்றார். தம் வயலை ஒட்டிப் போகிற வாய்க்காலில் ரயில் தூண் வருகிறது, நாற்பது குடும்பத்தின் பாசனம் பாழாகிவிடும் என்று நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தார். வாய்க்கால் இருந்தது நிஜம், தூண் வருவதும் நிஜம். நாற்பது குடும்பம் என்பது ஏழு குடும்பம். கொக்குகளின் கதி என்ன ஆகும் என்று கடைசிப் பக்கத்தில் அவர் கண்ணீர் வடித்திருந்ததை மட்டும் நாம் பெரிது பண்ண வேண்டாம். அந்த மனுவின் பேரில் அளக்க வந்தார்கள், மறுபடி அளக்க வந்தார்கள். முண்டியம்பாக்கத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் கடைசித் துண்டு வேலை அப்படியே நின்றது. ஒரு மாவட்டத்து ரயிலையே நிறுத்திவிட்டோமே என்று அவருக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. வெளியே மூச்சு விடவில்லை.

பத்து மாதம் கழித்து, ஆவணி மாசத்து முகூர்த்த நாளாகப் பார்த்து இரண்டாம் கட்டத்தைத் திறந்தார்கள். கூட்டேரிப்பட்டிலிருந்து முண்டியம்பாக்கம் வரை. அன்றைக்கும் கெங்கம்மாள் போன் பண்ணினாள்.

"சம்மந்தி, முண்டியம்பாக்கத்துல இறங்கி நிக்கிறோம்."

"அது விழுப்புரம் இல்லியேம்மா" என்றார் இவர் குஷியாக.

"தெரியுதுங்க. ஆனா பொண்ணு இங்கதானே வேலை செய்யுது? கேட்டை விட்டு வெளிய வந்தா எதிர்ல ஆஸ்பத்திரி தெரியுது."

சுப்பராயலுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரயிலை விழுப்புரத்துக்கு வரவிடாமல் தடுக்கத் தெரிந்த மனுஷனுக்கு, மகள் தினமும் போகிற ஊர் முன்னாலேயே வந்துவிடும் என்பது மூளைக்கு எட்டவே இல்லை! அவசரத்தில் உள்பக்கம் வெளியே தெரியக் கட்டின வேட்டியோடு ஓடிப் போய் பஸ்ஸில் ஏறினார். பஸ் நகரவில்லை. "எப்ப தம்பி எடுப்ப? ஜல்தியா போவணும்ப்பா" என்று கேட்டார். "உக்காரு பெருசு, இதோ எடுத்துடுவோம்" என்றான் கண்டக்டர் பையன், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். ஒருவழியாகக் கிளம்பின பஸ்ஸும் கடைசித் துண்டுக்காகக் கொட்டி வைத்திருந்த ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நெரிசலில் நின்றது. யாரால் அந்த ஜல்லி அங்கேயே கிடக்கிறது என்பது பஸ்ஸில் ஒருத்தருக்குத்தான் தெரியும். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முண்டியம்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் கெங்கம்மாள், பிரவீன்குமார், உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர், எல்லாரும் ஆளுக்கொரு தட்டோடு வரிசையாக நின்றிருந்தார்கள். ஒன்றேகால் மணி நேரமாக யாரும் தட்டைக் கீழே வைக்கவில்லை. பிரவீன்குமார் தேங்காய்த் தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.

"கீழ வெச்சிட்டா கேட்ட மாதிரி ஆயிடும். நீங்க இன்னும் விழுப்புரம் கணக்குல இருக்கீங்க. அதான் கையிலியே பிடிச்சிக்கினு நிக்கிறோம்" என்றாள் கெங்கம்மாள். "இன்னா சொல்றீங்க?"

தப்பிக்க ஒரு வழி கிடைத்துவிட்டது என்று சுப்பராயலு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இவ்ளோ நாள் பொறுத்தாச்சு. இன்னும் ஒரே ஒரு துண்டு. அதுவும் வந்துடட்டுமே."

"எப்படிப்பா வரும்? நீங்கதான் மனு போட்டு வெச்சிருக்கீங்களே" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. கலைமதி வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு வேளையில் வந்து நின்றாள்.

கெங்கம்மாள் வாயைப் பிளந்தாள். சுப்பராயலு வேர்த்துப்போய், "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"கேஸ் சிலிண்டருக்கு, ரேஷனுக்கு, பேங்குக்கு, எல்லாத்துக்கும் என் நம்பரைக் குடுத்துக் குடுத்துப் பழகி, மனுவுலயும் அதையே எழுதிட்டீங்க. வந்த மெசேஜெல்லாம் எனக்குத்தான் வந்துச்சு." போனை நீட்டிக் காட்டினாள். உங்கள் மனு ஏற்கப்பட்டது, உங்கள் மனு பரிசீலனையில் உள்ளது என்று பதினோரு மெசேஜ். "ஆபீஸ்லேருந்து ரெண்டு தடவை போனும் வந்துச்சு. தூணைத் தள்ளிப் போட்டுடறோம், மனுவை முடிச்சிக்கலாமான்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?" என்றான் பிரவீன்குமார்.

கலைமதி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "அப்பா வெளியூர் போயிருக்காரு, வந்ததும் கேட்டுச் சொல்றேன்னேன். ரெண்டு தடவையும்."

"அடிப்பாவி!" என்றாள் கெங்கம்மாள். "நான் பட்டுப் பொடவை கட்டிக்கினு கூட்டேரிப்பட்டு வரைக்கும் அலைஞ்சேன், நீ உங்கப்பனோட சேர்ந்து ரயிலை நிறுத்திக்கினு இருந்தியா?"

"அவருக்கு மட்டும்தான் மனசு வராதா அத்தை?" என்றாள் கலைமதி. "அம்மா போனப்புறம் அவரு தனியா உக்காந்து சாப்பிட்டு நான் ஒரு நாள்கூடப் பாத்ததில்ல. எனக்கும் போவ மனசு வரல. இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா வருது. இன்னிக்குக் காலைல மூணாவது தடவை போன் பண்ணாங்க. மூணு மணிக்குள்ள சொல்றேன்னு சொல்லியிருக்கேன். நீங்களே சொல்லுங்கப்பா, நான் இன்னா சொல்லட்டும்?"

இத்தனை நாளும் தான்தான் மகளைப் பிடித்து வைத்திருப்பதாக சுப்பராயலு நினைத்துக்கொண்டிருந்தார். அவளும் தன்னைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது தெரிந்ததும், அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. நாலு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததால் மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டார்.

"போனைப் போடு" என்றார்.

கலைமதி எண்ணைத் தட்டி அவர் கையில் கொடுத்தாள். ஸ்பீக்கரில் ஒரு சிப்பந்தியின் குரல் கேட்டது. "மனுதாரர் சுப்பராயலுதானே பேசறது? தூணை எட்டடி தள்ளிப் போடறோம் ஐயா, வாய்க்காலுக்கு ஒண்ணும் ஆகாது. மனுவை முடிச்சிக்கலாமா?"

"முடிச்சிக்கோங்க சார்."

"ஒரு கேள்வி பாக்கி. ஃபாரத்துல எழுதணும். எடுத்த நடவடிக்கையில மனுதாரருக்குத் திருப்தியா?"

சுப்பராயலு மகளைப் பார்த்தார். வெள்ளைக் கோட்டின் பையில் பேனா மை கசிந்து நீலமாகப் படிந்திருந்தது.

"திருப்தியெல்லாம் கிடையாது சார். ஆனா முடிச்சிக்கோங்க."

மறுமுனையில் சிப்பந்தி ஃபாரத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "அப்ப எதுல ஐயா டிக் போடறது?"

"எதுல வேணா போட்டுக்கோங்க" என்று சொல்லிப் போனை மகளிடம் கொடுத்துவிட்டு, கெங்கம்மாளின் கையிலிருந்த தட்டை சுப்பராயலு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.