அவசரம் லேது

திருப்பதியில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் சாமியாருக்கு அடுத்த ஆள் உபதேசியார்தான். சாமியார் பாவம், ஊர் ஊராகப் பூசை வைக்க அலைகிறவர். கோவில் சாவி, மைக், மணி, யார் எப்போது சாமியாரைப் பார்க்கலாம் என்கிற அதிகாரம் எல்லாம் உபதேசியார் கையில். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. கோபம் பாவம் என்று தெரியும். இருந்துவிட்டுப் போகட்டும்.

மாமனார் தவறிய கையோடு, திருவள்ளூர்ப் பக்கத்தில் தனியாகிவிட்ட மாமியாரை எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். எனக்கும் என் கணவருக்கும் ஸ்ரீசிட்டி கம்பெனிகளில் வேலை. பாதி ஞாயிறுகளிலும் எனக்கு ஷிப்ட் விழும். அத்தை தனியாகவே ஆட்டோ பிடித்துப் பூசைக்குப் போய்விடுவார். தெலுங்கு வராதுதான். ஆனால் எங்கே எழ வேண்டும், எங்கே முட்டி போட வேண்டும் என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதானே.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு எனக்கு லீவு கிடைத்தது. சேர்ந்து போனோம். நன்மை அப்பத்தை நாக்கில் வாங்க எல்லோரும் வரிசையில் எழுந்து போனார்கள். அத்தை மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முட்டி போட்டபடியே இருந்தார். மாமனார் இருந்தவரை ஒரு பூசையில்கூட நன்மை வாங்காமல் வந்தவர் இல்லை. வெளியே வந்ததும் என்ன என்று கேட்டேன்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணாம எப்டிம்மா நன்மை வாங்கறது? மாமா போறதுக்கு மொத நாளு அவர ஒரு வார்த்த சொல்லிட்டேன். அத சாமியாரண்ட சொல்லி எறக்கி வெக்காம நாக்க நீட்ட முடியுமா?"

"என்ன வார்த்தை அத்தை?"

"அது உனுக்கு எதுக்கு? சாமியாருக்குதான் அது."

அப்படியானால் இங்கே வந்ததிலிருந்தே நன்மை இல்லையா? இல்லையாம். ஆனால் அவர் முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

"உபதேசியாரண்ட கேட்டுக்கினுதான் கீறேன். நல்ல மனுஷன்மா. எப்ப கேட்டாலும் சிரிச்சிக்கினே, அவசரம் லேதும்மா, அவசரம் லேதும்மான்றாரு. செரி, அவசரம் இல்லன்றாரே, நம்ப மொற வந்தா கூப்புடுவாருன்னு உக்காந்துனு கீறேன். சூசையப்பர் திருநாளுக்குள்ள கூப்ட்டா போதும். மாமாவோட பேர்கொண்ட சாமியாச்சே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. அவசரம் லேது என்றால் தேவையில்லை! வாரா வாரம் அந்த மனிதர் 'உனக்குத் தேவையில்லை' என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். இந்த மனுஷி அதை ஆறுதல் வார்த்தையாக வாங்கிக்கொண்டு, அவருக்காக ஜெபமாலை வேறு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

நேராக உள்ளே போனேன். உபதேசியார் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னுடையது பிழைப்புக்குக் கற்ற தெலுங்கு. ஆனால் சண்டைக்குப் போதும். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பெத்தாவிடகு ஏம் பாபாலு உண்டாயம்மா?" என்று சிரித்தார். பெரியவளுக்கு என்ன பாவம் இருக்கப்போகிறது என்று! சாமியாருக்குத் தமிழ் தெரியாது, இருவருக்கும் வீண் சிரமம் என்றார். அதோடு விட்டாரா? சூசையப்பரைப் பாருங்கள், வேதத்தில் ஒரு வார்த்தை பேசியிருக்கிறாரா, மௌனமாகவே மோட்சம் போகவில்லையா என்று எனக்குப் பிரசங்கம் வைத்தார்.

நல்ல கதையாக இருக்கிறதே! ஒருத்திக்குப் பாவம்கூட இல்லை என்று சொல்ல இவர் யார்? காலமெல்லாம் குடும்பம் நடத்தியவள். கோபப்பட்டிருப்பாள், பொய் சொல்லியிருப்பாள், கட்டினவனை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பாள். அதெல்லாம் அவள் வாழ்ந்தது. தலை நரைத்ததும் அத்தனையையும் வழித்துப் போட்டுவிட்டுப் பொம்மை மாதிரி மூலையில் உட்கார வைப்பதா?

சூசையப்பரை இழுத்தாரே, அதுதான் எனக்கு ஆறவேயில்லை. கோவிலில் அவர் சுரூபத்தின் கையில் லீலிப் பூ இருக்கிறது. எனக்கு என்னவோ அவரைப் பார்த்தால், விடியற்காலையில் டிபன் டப்பாவோடு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரிதான் தெரியும். பஸ்ஸில் தூக்கம் கண்ணைச் சுற்றும்போது, 'நீரும் இப்படித்தானே ஓடினீர்' என்று அவரிடம்தான் சொல்லிக்கொள்வேன். பச்சைக் குழந்தை ஏசுவைத் தூக்கிக்கொண்டு பாஷை தெரியாத எகிப்துக்குப் போனவர் அவர்.

"அவர் பேசவில்லை, சரி. அடுத்தவர் வாயை அடைத்தார் என்று எந்த வேதத்தில் இருக்கிறது?" என்று கேட்டேன். உபதேசியார் வயரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆட்டோவில் திரும்பும்போது அத்தையிடம் அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொன்னேன். "அப்டியா" என்றார். அப்புறம் ரேணிகுண்டா ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

திருநாளுக்கு முந்தின சாயங்காலம் சாமியார் வந்து இறங்கியதும், யாரையும் கேட்காமல் அவர் எதிரே போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முகம் சுண்டிவிட்டது. தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றார். "எனக்குத் தமிழ் வராது. நான் உட்காருகிறேன், அவர் பேசட்டும். புரிய வேண்டியவருக்குப் புரியும்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டுக்குள் போய் உட்கார்ந்தார்.

உபதேசியார் ஓடி வந்தார். தான் பக்கத்தில் நின்று தெலுங்கில் எடுத்துச் சொல்கிறாராம். "நாகு கொஞ்செம் அரவம் ஒச்சு பாதர்" என்றார். அரவம் என்றால் தமிழ். அடப்பாவி மனுஷா, உனக்குத் தமிழ் தெரியுமா! இத்தனை நாள் அது எங்கே போயிருந்தது? சாமியார் காதுக்கென்று மட்டும் ஒருத்தி பொத்தி வைத்திருக்கிற வார்த்தைக்கு நடுவில் ஒரு ஆளா?

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை உபதேசியாரைப் பார்த்துச் சிரித்தார். அந்த மனிதர் சிரிக்கிற அதே சிரிப்பு.

"அவசரம் லேது நைனா" என்று சொல்லிவிட்டுப் போய் முட்டி போட்டார்.

வெகுநேரம் ஆயிற்று. தேருக்குப் பூச்சுற்றிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் திருநாள் பூசையில் நன்மை வரிசையில் அத்தை எனக்கு முன்னால் நின்றார். சாமியார் பக்கத்தில், வாங்குகிறவர்களின் மோவாய்க்குக் கீழே தட்டுப் பிடித்துக்கொண்டு வந்தவர் உபதேசியார். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாக்கை நன்றாக நீட்டினார்.