நீங்களும் வாங்களேன்

அந்த விளம்பரப் படத்தில் ஓர் ஆணும் பெண்ணும் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு கண்ணாடி டம்ளரில் ஏதோ பச்சை நிறத் தண்ணீரைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஓர் அருவி. அருவிக்குப் பின்னால் ஒரு மலை. இரண்டுமே சிமெண்டில் செய்தவை என்பது போடிக்காரர் எவருக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். பாறையில் ஒரு புல்கூட முளைத்திருக்கவில்லை. அருவி காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை ஆறு மணிக்கு நிறுத்தப்படும் என்று கீழே வேறு போட்டிருந்தார்கள். அருவிக்கு ஆபீஸ் நேரம்.

இந்த இடத்துக்குத்தான் நானும் என் கணவரும் இரண்டு நாள் போய் வர வேண்டும் என்று நான் முடிவு செய்தேன்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துச் சமவெளியில் இருக்கிற தீம் பார்க் அது. தங்குவதற்கு உள்ளேயே ரிசார்ட்டும் உண்டு. எனக்கு ராட்டினத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். என் கணவருக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் பயம். ஐம்பதை நெருங்குகிற இரண்டு பேர் பிளாஸ்டிக் யானையின் தும்பிக்கை வழியாகச் சறுக்கி விழுந்து என்ன காணப் போகிறோம்? எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் நிஜ மலை கண்முன்னே நிற்கிறது. குரங்கணிக்குப் போனால் நிஜ அருவி. அதையெல்லாம் பார்க்கச் சென்னையிலிருந்து பஸ்சு பிடித்து வருகிறார்கள். நாங்கள் சோலி இருந்தால்தான் மலை ஏறுவோம்.

எனக்கு வேண்டியிருந்தது அருவி அல்ல. உள்பக்கம் தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கதவு. அதைத் தட்டி, "அண்ணே இருக்காரா?" என்று கேட்க ஆளில்லாத ஓர் இடம்.

மகள் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போன பிறகு எங்கள் வீட்டில் இரண்டே பேர் என்று பேர்தான். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார் என் கணவர். விடிவதற்குள் வேலையாட்களோடு ஜீப்பு ஏறிப் போய்விடுவார். பொழுது சாயத் திரும்பி வருவார். வந்ததும் காதில் போன் ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கு என்ன விலை, மேலே மழை உண்டா, ஆள் கிடைக்குமா. அதோடு வாசலில் செருப்புகள் சேர ஆரம்பிக்கும். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திவிட்டு வந்த நான் வருகிறவர்களுக்கெல்லாம் டீ போட்டுக்கொண்டிருப்பேன். நாங்கள் இருவரும் கடைசியாகத் தனியாகப் பேசியது என்ன என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசித்தேன். 'கேஸ் தீந்துருச்சு' என்று நான் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு எனக்குப் பயமாகிவிட்டது. இந்த மனிதருக்கும் எனக்கும் நடுவே இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். இரண்டு நாள் போதும்.

மூணாறு போகலாமே என்றார் அவர். மூணாற்றில் பாதிப் பேர் எங்களுக்குச் சொந்தம், மீதிப் பேரோடு அவருக்கு வியாபாரம். அந்தச் சிமெண்ட் மலையில்தான் எங்களை யாருக்கும் தெரியாது. எனக்குக் காலாண்டு விடுமுறை, அவருக்குத் தோட்டத்தில் ஓர் எடுப்பு முடிந்து அடுத்த எடுப்புக்குக் காய் முற்றக் காத்திருக்கிற நேரம். சரி, போவோம் என்றார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தம்பதிகளுக்கென்று இருக்கிற பெரிய கட்டில் அறையை அன்றைக்கே போனில் பதிவு செய்துவிட்டேன்.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. எங்கே கிளம்பினாலும் நெருங்கியவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லும்போது, "நீங்களும் வாங்களேன்" என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். அது அழைப்பே இல்லை, வெறும் மரியாதை. அதற்கு எதிராளி, "இருக்கட்டும், நீங்க போயிட்டு வாங்க, அடுத்த தடவ பாப்போம்" என்று சொல்ல வேண்டும். அதுவும் மரியாதை. இந்த இரண்டு வசனத்தையும் நடக்கப் பழகும்போதே எல்லாரும் மனப்பாடம் செய்துவிடுகிறோம். இதில் யாரும் தவறியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

என் கணவரின் அக்கா சிலமலையில் வாழ்க்கைப்பட்டவர். மதினி என்றுதான் கூப்பிடுவேன். உலகத்தில் எந்த மூலையில் எது நடந்தாலும் அங்கே தனக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிற பிறவி. என் கணவர் அவருக்குப் போன் செய்து, எனக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்துக்கொண்டு பேசினார்.

"அக்கா, வர்ற வெள்ளிக்கெழம நாங்க ரெண்டு பேரும் கேரளா பக்கம் ஒரு எடத்துக்குப் போயிட்டு வர்றோம்."

"எந்தக் கோயிலுக்குத் தம்பி?"

"கோயில் இல்லக்கா. சும்மா சுத்திப் பாக்கத்தான். நீங்களும் வாங்களேன்."

அடுத்த வசனத்துக்காக நான் காத்திருந்தேன்.

"மச்சானும் வீட்ல சும்மாதான இருக்காரு. வர்றோம்பா."

அவ்வளவுதான். காலம் காலமாக ஓடிக்கொண்டிருந்த நாடகத்தில் ஒருவர் வசனத்தை மாற்றிவிட்டால் எதிரில் நிற்பவர் என்ன செய்வார்? என் கணவர், "ஆங், சந்தோசம்க்கா" என்றார். நான் அவரை முறைத்த முறைப்பில் போன் உருகியிருக்க வேண்டும்.

மதினி அதோடு விடவில்லை. தன் மகளைக் கொடுத்த சம்பந்தி வீட்டாரிடம் சொல்லாமல் போனால் மரியாதையாக இருக்குமா? சொன்னார். 'நீங்களும் வாங்களேன்' போட்டார். சம்பந்தி அம்மாளும் வசனத்தை மறந்துவிட்டார். இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியை எதிர் வீட்டு மசாலாக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அவரிடம் முன்கூட்டிச் சொல்லி வைக்கப் போன என் கணவர், வாய் சும்மா இருக்காமல் அங்கேயும் அந்த வார்த்தையை விட்டார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் அன்றைக்கே பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டார்கள். சாவியை வாங்க வேண்டியவர்களே வருகிறார்கள் என்றால் சாவியை யாரிடம் கொடுப்பது என்று என் கணவர் என்னிடமே வந்து கேட்டார். இந்த மனிதர்தான் ஏலக்காய் வியாபாரத்தில் யாராலும் ஏமாற்ற முடியாத ஆள் என்று ஊரில் பேர் வாங்கியவர்.

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் கூட்டம். எட்டுப் பேருக்குக் கார் போதாது, வேன் சொல்லியாகிவிட்டது என்றார் மதினியின் வீட்டுக்காரர். அவர் வாழ்நாளில் செய்து முடித்த ஒரே வேலை, வேன் சொல்வது. அடுத்தது சாப்பாடு. கேரளாவில் எல்லாவற்றையும் தேங்காய் எண்ணெயில் செய்வார்கள், வாயில் வைக்க விளங்காது என்று சம்பந்தி அம்மாள் தீர்ப்புச் சொன்னார். புளியோதரை, சப்பாத்தி, கெட்டித் தயிர், இரண்டு வகை ஊறுகாய், வழிக்கு முறுக்கு. இதையெல்லாம் யார் செய்வது என்ற கேள்வி எழவே இல்லை. மதினி என்னைப் பார்த்து, "ஒனக்குத்தான் பள்ளிக்கூடம் லீவாச்சே" என்றார்.

அப்புறம் உடுப்புப் பிரச்சினை வந்தது. தண்ணீர் விளையாட்டுக்கு நைட்டியோடு இறங்க விடுவார்களா என்று மதினிக்கு உடனே தெரிய வேண்டும். என்னைப் போன் போடச் சொன்னார். ஏழு பேர் எதிரில் நான் போட்டேன். எடுத்த மலையாளப் பெண் நல்ல பெண்.

"நைட்டி பற்றில்ல சேச்சி, விட மாட்டாங்க. நைலான் டிரஸ் வேணும். நீங்க கப்பிள் பேக்கேஜ் அல்லே?"

"ஆமா. ஆனா இப்ப எட்டு பேரு வர்றோம்."

கொஞ்சம் தயங்கிவிட்டு, "கப்பிளுக்கு எட்டு பேரா சேச்சி?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. இன்னும் இரண்டு அறை கொடுக்க முடியும் என்று சொல்லி வைத்தாள்.

மொத்தம் மூன்று அறை. மதினி நிமிர்ந்து உட்கார்ந்தார். பங்கு பிரிக்கிற வேலை என்றால் அவருக்கு முகமே தனிக் களை கட்டும்.

"பொம்பளைங்க நாம நாலு பேரும் ஒரு ரூம்ல படுத்துக்குவோம். தம்பியும் கடைக்காரரும் ஒரு ரூம். அந்தப் பெரிய கட்டில் ரூமை மச்சானுக்கும் சம்பந்திக்கும் குடுத்துருவோம். மச்சானுக்கு முதுகு வலி பாரு."

அந்த அறையின் படத்தை நான் பல தடவை பார்த்திருந்தேன். கட்டில் நிறைய ரோஜா இதழ்களை இருதய வடிவத்தில் தூவியிருப்பார்கள். நடுவில் துண்டை மடித்து இரண்டு அன்னங்கள் செய்து, மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி வைத்திருப்பார்கள். அந்த அன்னங்களை நகர்த்தி வைத்துவிட்டு, மதினியின் வீட்டுக்காரர் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டு குப்புறப் படுத்திருப்பதும், பக்கத்தில் சம்பந்தி வாயைத் திறந்து குறட்டை விடுவதும் என் கண்முன் வந்து நின்றது. சிரிப்பு வர வேண்டிய காட்சிதான். எனக்கு வரவில்லை. டீ போடுகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பால் பொங்குகிற நேரத்தில் என் கணவர் வந்தார்.

"டீ ஆச்சா? கொண்டா, நான் குடுக்குறேன்."

"உங்க அக்கா வர்றேன்னு சொன்னப்ப, ஏதாவது சொல்லித் தட்டிக் கழிச்சிருக்கலாம்ல?"

"ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அது நெசம்னு எடுத்துக்கிருச்சு."

"எடுத்துக்கிட்டப்ப உங்களுக்கு வருத்தமா இருந்துச்சா, சந்தோசமா இருந்துச்சா?"

அவர் டம்ளர்களை வரிசையாக அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார்.

"பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் நிம்மதியாத்தான் இருந்துச்சு."

நான் அடுப்பை அணைத்தேன்.

"ரெண்டு முழு நாளு," என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "காய் இல்ல, ஆளு இல்ல, வெல கேக்க ஒருத்தன் இல்ல. உங்கிட்ட என்ன பேசுறதுன்னு யோசிச்சேன். ஒண்ணும் தோணல. பயந்து போனேன்."

இத்தனை நாள் நான் அவரை ஏளனமாக நினைத்த நினைப்பெல்லாம் அந்த இடத்தில் பிடிமானம் இல்லாமல் நின்றது. எனக்கு வலித்தது. ஏனென்றால் அந்தப் பயம் என்னுடைய பயமும்தான். ஆனால் நான் அதை வைத்துக்கொண்டு ரூம் போட்டேன். அவர் அதை வைத்துக்கொண்டு கூட்டம் சேர்த்தார்.

"பேச வரலைன்னா சண்டை போடலாம்," என்றேன். "இங்க அதுக்குக்கூட வழியில்ல. ஆரம்பிச்சா யாராச்சும் வந்து நிக்கிறாங்க. உங்ககூடத் தனியா இருக்கணும்னு எனக்கு ஆசையா இருக்கு. அவ்வளவுதான்."

யாராச்சும் வந்து நிற்கத்தான் செய்தார்கள். அடுப்படி வாசலில் மதினி. எவ்வளவு நேரமாக நின்றாரோ, முகத்தை அதற்குள் தூக்கி வைத்தாகிவிட்டது.

"ஏந்தம்பி, நாங்க வர்றது எடஞ்சலா இருந்தா மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? நாங்க எதுக்கு நடுவுல? நீங்க ரெண்டு பேரு மட்டும் போயிட்டு வாங்க."

கூடம் வரைக்கும் கேட்கிற சத்தத்தில்தான் சொன்னார். இதற்கும் எங்களிடம் வசனம் இருக்கிறது. முதலில் அய்யய்யோ என்று பதற வேண்டும். பிறகு கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைசியில், நீங்கள் வராவிட்டால் நாங்களும் போகவில்லை என்று சொல்ல வேண்டும். அப்போது அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, உங்களுக்காகத்தான் வருகிறேன் என்பார். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கூத்தில் நான் எத்தனை தடவை அந்தக் கையைப் பிடித்திருக்கிறேனோ. மதினி கையை வாகாகத்தான் வைத்திருந்தார்.

நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

என் கணவர் வாயைத் திறந்தார். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். 'அய்'யில் தொடங்கும். அவர் என்னைப் பார்த்தார். திறந்த வாயை மூடினார். பிறகு, பிள்ளை பாடம் ஒப்பிப்பது மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"சரிக்கா. அப்ப நாங்க மட்டும் போயிட்டு வர்றோம்."

மதினி அந்த டீயைக் குடிக்கவில்லை. மற்றவர்கள் குடித்துவிட்டுத்தான் கோபித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் காரில் கிளம்பினோம். எதிர் வீட்டில் சாவியை வாங்க மறுத்துவிட்டார்கள், அது என் கைப்பையிலேயே கிடந்தது. முந்தல் செக்போஸ்ட் தாண்டும் வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் ரோட்டைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். இரண்டு நாளும் இப்படியேதான் போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். முதல் கொண்டை ஊசி வளைவில் அவர் தொண்டையைச் செருமினார்.

"அக்கா ரொம்பக் கோவிச்சிருக்குமோ?"

"கோவிக்கட்டும். நைட்டியோட சறுக்கப் பாத்துச்சு உங்க அக்கா."

"பெரிய கட்டில்ல மச்சானும் சம்பந்தியும்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. சிரிப்பு வந்து வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. பின்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப்புக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். அந்த அன்னங்களைப் பற்றி நான் சொல்லச் சொல்ல அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினார்.

அந்த வளைவில் தொடங்கி, சிமெண்ட் அருவிக்கு எதிரே வெள்ளை அங்கியில் உட்கார்ந்து, திரும்பி வந்து வீட்டுப் பூட்டைத் திறக்கும் வரை பேசினோம். வராத ஆறு பேரைப் பற்றிப் பேசி முடிக்க எங்களுக்கு அந்த இரண்டு நாள் போதவில்லை.