பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல்

கல்யாண வீடுகளில் இப்போதெல்லாம் வாசலிலேயே ரோஸ் மில்க் கொடுக்கிறார்கள். நான் வாங்குவதில்லை. சர்க்கரையா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அதோடு விட்டுவிடுவார்கள். உண்மை வேறு. அந்த நிறத்தை நான் ஒரு காலத்தில் என் கையாலேயே கண்ணாடிக் குழாய்களில் வரவழைத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில், உயிர்வேதியியலில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்த நாட்கள். நோயாளியின் ரத்தத்தில் அமிலம் விட்டுத் தெளியவைத்து, இன்னொரு ரசாயனத்தைக் கலந்து, கொதிக்கும் தண்ணீரில் குழாயை நிறுத்தி வைத்தால் பையப் பைய இளஞ்சிவப்பு ஏறும். எவ்வளவு அடர்த்தியாக ஏறுகிறதோ, அந்த ஆளின் உயிரணுக்களைச் சுற்றியிருக்கும் உறை அவ்வளவு கெட்டிருக்கிறது என்று அர்த்தம். நிறம் ஏறாத நாளில் எனக்கு முகம் தொங்கிப்போகும். நன்றாக ஏறிவிட்டால் அன்றைக்கு இரண்டு தோசை கூடச் சாப்பிடுவேன். அப்படி ஒரு படிப்பு, அப்படி ஒரு பிறவி நான்.

நான் எடுத்துக்கொண்டது ஆஸ்துமா. மூச்சுக்குழாய் வீங்கும்போது அங்கே வந்து கூடுகிற வெள்ளணுக்கள், நாம் இழுக்கிற ஆக்சிஜனையே ஆயுதமாக்கி நாலா பக்கமும் வீசுகின்றன. கிருமியைக் கொல்வதற்காக உடம்பு வைத்திருக்கும் ஆயுதம் அது. கிருமியே இல்லாத இடத்தில் வீசினால் சொந்த உடம்பின் மேல்தான் விழும். உயிரணுவின் உறை பெரும்பாலும் கொழுப்பு. அந்தக் கொழுப்பு பாழாகும். ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். ஆஸ்துமாக்காரர்களின் ரத்தத்தில் அந்தச் சேதத்தை அளக்க முடியுமா, மருந்து எடுப்பவர்களிடம் அது குறைகிறதா என்பதுதான் என் கேள்வி. இந்தத் தலைப்பு எனக்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் கிடைக்கவில்லை. அடுப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டே எனக்குத் தோசை சுட்டுப் போட்ட மதினியிடமிருந்து கிடைத்தது.

மதினி என்றால் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அப்பா அம்மா போன பிறகு நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். மதினிக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. மழைக்காலம் வந்துவிட்டால் அவள் பேச்சில் பாதி மூச்சாகவே இருக்கும். அதற்காக வாயை மூடுகிறவள் இல்லை. ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாக உடைத்துப் பேசி முடித்துவிட்டுத்தான் உட்காருவாள். கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் குழந்தை இல்லை என்பது அவளுக்கு இளைப்பைவிடப் பெரிய சங்கடம்.

"ஏளா, உன் ஆராய்ச்சிய எனக்குப் புரியுத மாதிரி சொல்லு பாப்போம்" என்று ஒரு நாள் கேட்டாள். திறந்து வைத்த எண்ணெய் நாளானால் காறிப்போகிறதே, அதே சங்கதிதான் மதினி என்றேன். காற்றுப் பட்டுப் பட்டு எண்ணெய் கெடுகிறது, உங்கள் உடம்புக்குள்ளும் கொழுப்பு அப்படித்தான் கெடுகிறது. அவள் தோசைக் கரண்டியை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அப்போ என் ரத்தம் காறிப்போச்சுன்னு சொல்லுத. உங்க அண்ணன்ட்ட சொல்லிராத, என்ன? பழைய எண்ணெயத் தலையில கட்டிட்டாங்கன்னு சொல்லப் போறாவ."

என் பேராசிரியர் ஒரு மணி நேரம் நடத்தியதை அவள் ஒரே மூச்சில், அதுவும் அரை மூச்சில் சொல்லிவிட்டாள்.

இன்ஹேலரை எல்லோரும் பம்பு என்றுதான் சொல்வார்கள். அதை வாயில் வைத்தால் சாகும்வரை விடாது, குழந்தை தங்காது என்று தெருவில் பேச்சு. மதினியும் நம்பிக்கொண்டிருந்தாள். நான்தான் மல்லுக்கு நின்று டாக்டரிடம் கூட்டிப்போய் வாங்க வைத்தேன். நீலப் பம்பு மூச்சுத் திணறும்போது உடனே அடிக்க. பழுப்புப் பம்பு வீக்கத்தைத் தணிக்க, தினமும் காலையும் இரவும். பழுப்பை அடித்தால் உடனே ஒன்றும் தெரியாது, அதனால் பலரும் அதை விட்டுவிடுவார்கள். அதை விட்டால்தான் ஆபத்து. இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது நான். என் வார்த்தை அவளுக்கு வேதவாக்கு.

குழந்தைக்காக அவள் ஒவ்வொரு ஐப்பசியிலும் கந்த சஷ்டி விரதம் இருப்பாள். ஆறு நாளும் விடியலில் பச்சைத் தண்ணீரில் குளியல், பகல் முழுக்கப் பட்டினி, சாயங்காலம் ஒரு தம்ளர் பால், ஆறாம் நாள் திருச்செந்தூர். பம்பு வந்த முதல் வருஷம் என்னிடம் வந்து நின்றாள். "ஏளா, இத வாயில வச்சா விரதம் முறிஞ்சிராதா?" எனக்குச் சாமி விஷயத்தில் என்ன தெரியும்? ஆனாலும் அடித்துச் சொன்னேன். "இது காத்து மதினி. நெஞ்சுக்குத்தான் போவும், வயித்துக்குப் போவாது. முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டான்." அவள் சிரித்துவிட்டு அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து விரத நாட்களிலும் இரண்டு வேளையும் தவறவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் தீபாவளிக்கு முன்னாலிருந்தே மழை. ஆற்றில் வெள்ளம் போய், குறுக்குத்துறைக் கோயிலின் தலை மட்டும் தெரிந்தது. வெடிப் புகை ஒரு பக்கம், ஈரச் சுவர் ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை விரதம் தொடங்கினாள். திங்கட்கிழமை இரவு நான் எரிச்சலோடு வீட்டுக்கு வந்தேன். வருவதாகச் சொன்ன நோயாளி ஒருவர் வரவில்லை, எனக்கு ஒரு ஆளின் ரத்தம் குறைந்தது. மதினி அப்போதுதான் பழுப்புப் பம்பை அடித்து, வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"மதினி, புதன்கிழமை காலைல வந்து கொஞ்சம் ரத்தம் தாரீங்களா?"

"உனக்கில்லாத ரத்தமா? தாரேன். எப்படி வரணும்?"

இங்கேதான் என் நாக்கில் சனி உட்கார்ந்தது. மற்ற நோயாளிகளுக்கெல்லாம் ஒரு தாளைப் படித்துக்காட்டுவோம். வெறும் வயிற்றோடு வரவேண்டும், தண்ணீர் குடிக்கலாம், முந்தின இரவு மருந்தை வழக்கம்போல் எடுக்கலாம், காலை மருந்தை மட்டும் ரத்தம் கொடுத்தபின் எடுக்க வேண்டும், மருந்தைக் கையோடு கொண்டுவர வேண்டும், மூச்சு முட்டினால் எதற்கும் காத்திராமல் எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பின் தெரியாதவர்களுக்கு இரண்டு தடவை படித்துக்காட்டியிருக்கிறேன். இவள் வீட்டு ஆள்தானே, விரதத்தில் வேறு இருக்கிறாள், வெறும் வயிறு என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்று நினைத்தேன். விளையாட்டாக அவள் பாஷையிலேயே சொன்னேன்.

"பல்லுல பச்சத் தண்ணி படாம வரணும். சுத்தமா வரணும்."

அவ்வளவுதான் சொன்னேன். சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் இருமிக்கொண்டிருந்தாள். மழை என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்லக்கூடாது. காதில் விழுந்தது, பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். புதன்கிழமையும் அவளுக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன்.

ஒன்பது மணிக்கு அவள் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றாள். குடையை மடக்கக் கையில் தெம்பில்லை. தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின. கழுத்துக் குழி உள்வாங்கியது. உதட்டைப் பார்த்தேன். எல்லாம் பார்த்தேன். பார்த்தவள் என்ன நினைத்தேன் என்பதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. முற்றிய இளைப்பில் எடுத்த ரத்தம் என்னிடம் ஒன்றுகூட இல்லை, இது நல்ல சாம்பிள் என்று நினைத்தேன். ஒரு நிமிஷ வேலைதானே, எடுத்துவிட்டுப் பம்பை அடிக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவளும் கையை நீட்டினாள். "மொதல்ல… எடுத்துரு" என்றாள். ரப்பர் குழாயைக் கட்டி, நரம்பைத் தட்டி, ஊசியைக் குத்தினேன். கறுத்த ரத்தம் வந்தது. குழாயை மூடி, ஐஸில் வைத்து, பெயரும் ஒட்டினேன். அதற்கப்புறம்தான் கேட்டேன்.

"பம்பு எங்க மதினி? எடுங்க."

"வீட்டுல இருக்கு."

"காலைல அடிக்கலயா?"

"நீ சொன்னதுலேருந்து… அடிக்கல. நேத்து பாலும்… குடிக்கல." ஒவ்வொரு துண்டுக்கும் நின்று நின்று காற்றைத் தேடினாள். "சாமிக்குன்னா… மருந்த எடுத்துக்கிட்டேன். உன் படிப்பு… சுத்தமா இருக்கணும்லா?"

ஐயோ, என்னைப் பெற்றவளே! முருகனுக்குத் தளர்த்திய விரதத்தை எனக்காக இறுக்கிக்கொண்டிருக்கிறாள். நீலம், பழுப்பு, பால், தண்ணீர், எல்லாவற்றையும் விட்டிருக்கிறாள். நான் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறாள். அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு மழையில் இறங்கினேன். ஆஸ்பத்திரி வளாகம் எதிரேதான். அந்தச் சின்ன தூரத்தில் அவள் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டாள்.

ஊசி போட்டார்கள், மருந்தைப் புகையாக்கிக் கொடுத்தார்கள், ஆக்சிஜன் முகமூடியை மாட்டினார்கள். டாக்டர் என்னிடம் கடைசியாக எப்போது மருந்து எடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நானும் ஆங்கிலத்திலேயே, தாழ்ந்த குரலில் பதில் சொன்னேன். அண்ணன் அப்போதுதான் கையில் சாக்பீஸ் தூளோடு ஓடிவந்து கதவருகே நின்றிருந்தான். அவன் காதில் விழுந்துவிடக் கூடாது என்று அந்த நிமிஷத்திலேயே எனக்குத் தோன்றிவிட்டது. மதினி சாகக் கிடக்கும்போது எனக்குத் தோன்றியது அது. முகமூடிக்குள் ஆக்சிஜன் சீறிக்கொண்டிருந்தது. எந்தக் காற்று அவள் உயிரணுவைக் காறவைக்கிறது என்று நான் பக்கம் பக்கமாக எழுதினேனோ, அதே காற்றைக் கும்பிட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். உள்ளே போ, எதை வேண்டுமானாலும் கெடுத்துக்கொள், உள்ளே மட்டும் போய்விடு. போக வழியில்லை. குழாயெல்லாம் அடைத்துவிட்டது. மறுநாள் மத்தியானம் மதினி இறந்துபோனாள். அவளுக்கு முப்பத்தொரு வயது.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் ஒரே காரணம் சொன்னார்கள். மழையில் விடியற்காலைக் குளியல், வெறும் வயிறு, விரதம். அண்ணன் எழுந்துபோய் முருகன் படத்தைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தான். "உனக்குப் பட்டினி கிடந்தவளத்தான எடுத்த? வேற ஆள் கிடைக்கலயா?" என்று கத்தினான். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்ல வேளை ஏட்டி, ஆஸ்பத்திரி பக்கத்துல உங்கிட்ட வந்திருந்தாளே. வீட்டுல இருந்திருந்தா அந்த ஒரு நாள்கூட இருந்திருக்க மாட்டா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அப்போது சொல்லியிருக்க வேண்டும். பழி சாமி தலையில் விழுந்துகொண்டிருந்தது. சாமி வாயைத் திறந்து மறுக்கப் போவதில்லை.

பதினாறு கழிந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். கூடப் படித்தவள் அன்றே பிரித்து உறையவைத்திருந்த அந்த ரத்தம் அப்படியே இருந்தது. கொட்டியிருக்கலாம். கொட்டவில்லை. கொதிக்கும் தண்ணீரில் நிறுத்தினேன். என் ஆராய்ச்சியிலேயே அவ்வளவு அடர்த்தியாக எந்தக் குழாயும் சிவந்ததில்லை. பேராசிரியர் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "வெரி குட்" என்றார். அட்டவணையில் மருந்து எடுத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே மட்டும் நான் பொய் எழுதவில்லை. ஏன் இவ்வளவு என்று பேராசிரியர் கேட்டதற்கு, மறந்துவிட்டார்களாம் என்றேன். பட்டம் வாங்கினேன். கல்லூரியில் வேலை கிடைத்தது. அதே பாடத்தை ஓய்வு பெறும்வரை நடத்தினேன்.

அண்ணன் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. திருநீறு வைத்துக்கொண்டு யாராவது வீட்டுக்கு வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வான். இந்த வருஷம் ஆவணியில் நான் வீடு மாறினேன். புத்தகங்களைக் கட்ட உதவிக்கு வந்தவன் என் ஆய்வேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"இதுல அவ ரத்தமும் இருக்குல்லா? எந்த நம்பர் ஏட்டி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே விரலை வைத்துத் தேட ஆரம்பித்தான். கணக்கு வாத்தியாருக்கு அட்டவணை படிக்கத் தெரியாதா? பெண், வயது முப்பத்தொன்று. அந்த ஒரு வரிதான் இருந்தது. விரல் குறுக்கே நகர்ந்தது. பிறகு அந்த மருந்து நேரக் கட்டத்தில் மேலிருந்து கீழாக ஓடியது.

"பன்னெண்டு, பன்னெண்டு, பதிமூணு, பன்னெண்டு… இவளுக்கு என்ன முப்பத்தாறு?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான். "புதன் காலைலேருந்து பின்னால போனா திங்கக்கிழமை ராத்திரி. விரதம் ஞாயித்துக்கிழமையே தொடங்கியாச்சே. அன்னைக்கும் அடிச்சாளே, நான் பாத்தேனே." விரல் எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அப்போ முருகன் இல்லையா?"

"இல்லண்ணே. நாந்தான்."

சொல்லி முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இத்தனை வருஷம் நெஞ்சில் சுமந்தது கால் மணி நேரத்துக்குத்தான் இருந்தது. அவன் திட்டவில்லை, அழவில்லை. ஏட்டை மூடி, மற்ற புத்தகங்களோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டி வைத்துவிட்டுப் போனான்.

ஐப்பசி சஷ்டிக்கு அண்ணன் தனியாகத் திருச்செந்தூர் போய் வந்ததாகச் சித்தி போனில் சொன்னாள். சன்னிதியில் நின்று மன்னிப்புக் கேட்டானாம். பன்னீர் இலையில் மடித்த விபூதி நிறைய வாங்கி வந்து, தெருவில் வீடு வீடாகத் தானே போய்க் கொடுத்தானாம், சொந்தக்காரர் வீடு ஒன்றுகூட விடவில்லையாம். "உனக்கும் வந்துச்சா, ஏளா?" என்று கேட்டாள். வந்தது சித்தி என்று சொன்னேன். வரவில்லை.